நீர்த்துப்போன விஸ்கி

கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக்கொடுக்கும் கடை வைத்திருந்தார் அவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை, வருகிறவர்களின் மூக்கில் கனத்த சோதனைச் சட்டத்தை உட்காரவைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பதே பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, நாற்பதைத் தாண்டியபின் விஸ்கியின் பக்கம் மனம் திரும்பியபோது, அது குடியாகப் போகாமல் ஒப்பிட்டுப் பார்க்கும் பைத்தியமாகப் போனது.

அவர் தள்ளாடி யாரும் பார்த்ததில்லை. ஞாயிறு மதியம் இரண்டு நண்பர்கள் வருவார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், இன்னொருவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். எது எந்த பாட்டில் என்று தெரியாதபடி துணிப்பை மாட்டி, வாய் குறுகிய கிளாஸ்களில் கொஞ்சமாக ஊற்றுவார்கள். முதலில் மோப்பம், பிறகு ஒரு மிடறு வாயில் வைத்து உருட்டல், பிறகு விவாதம். ஒருவர் உலர்ந்த திராட்சை என்பார், ஒருவர் மழையில் நனைந்த சாக்கு என்பார். டிரைவிங் ஸ்கூல்காரர் மட்டும் எதைக் கொடுத்தாலும் புது டயர் வாசம் வருகிறது என்பார். அவர்கள் போன பிறகும் கண்ணாடிக்காரர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைப்பற்றியே பேசிக்கொண்டிருப்பார். மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டே ம் கொட்டுவாள்.

அவளுக்கு ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் வேலை. அவசரத்துக்குக் கூப்பிடுகிறவர்களின் போனை எடுத்து, இடம் கேட்டு, வண்டி வந்துசேரும்வரை அவர்களைப் பேச்சில் பிடித்துவைப்பது. வீட்டுக்கு வந்தால் வேலையைப்பற்றி வாயே திறக்கமாட்டாள். அது அவளுடைய சுபாவம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் பணிமனையில் வெல்டர் வேலை கிடைத்து அவளுடைய தம்பி இவர்கள் வீட்டில் தங்க வந்தபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. மச்சான் ஒரு காலத்தில் குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டு, குடும்பத்தையும் இழந்தவன். சிகிச்சைக்குப் பிறகு இரண்டு வருஷமாகத் தொட்டதில்லை. கண்ணாடிக்காரர் முன்யோசனையாக அலமாரிக்குப் பூட்டுப் போட்டார். ஒரு சாவி அவரிடம், இன்னொன்று மனைவியின் கைப்பையில். ஞாயிறு மதியங்களில் மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விடுவான். அது அவருக்கு வசதியாகவே இருந்தது.

ஒரு ஞாயிறு, ஆசை ஆசையாகப் பாதுகாத்துவந்த பாட்டிலை எடுத்தார். புகைவாசம் தூக்கலாக இருக்கும், கெட்டியான சரக்கு. எக்ஸ்ரேக்காரர் ஒரு மிடறு எடுத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். உயிரே இல்லையே, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். டிரைவிங் ஸ்கூல்காரர் டயரைக்கூடக் காணோம் என்று சொல்லிச் சிரித்தார். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. கிளாஸைச் சுழற்றினால் ஓரத்தில் நின்று நிதானமாக இறங்கவேண்டிய கோடுகள் சட்டென்று வழிந்தன. வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. நாள்பட்டு மங்கியதல்ல. தண்ணீர்.

நண்பர்களை அனுப்பிவிட்டு மற்ற பாட்டில்களையும் ருசித்தார். அவற்றில் இரண்டுக்கு அதே கதி. அளவு குறையாமல், நிறம் மட்டும் லேசாக வெளுத்திருந்தது.

மச்சான் வந்ததும் வராததுமாகக் கூப்பிட்டுக் கேட்டார். சத்தம் போடவில்லை என்று பிற்பாடு அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் சொன்ன வார்த்தைகள் சத்தத்தைவிட மோசம். அக்காவின் பையிலேயே கைவைத்துவிட்டாயே என்றார். உன்னை நம்பிக் கூரைக்குக் கீழே சேர்த்தேன் பார் என்றார்.

மச்சான் கழற்றிக்கொண்டிருந்த செருப்பை அப்படியே மறுபடி மாட்டிக்கொண்டான்.

"நான் இல்ல மாமா" என்றான். அவ்வளவுதான்.

அவள் சமையலறை வாசலில் கையில் துணியோடு நின்றாள். தம்பிக்காகப் பரிந்து பேசினால் சண்டை வளரும் என்று பேசாமல் இருக்கிறாள் என்று கண்ணாடிக்காரர் எடுத்துக்கொண்டார். துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பும்போது மச்சான் அவளிடம் மட்டும் தணிந்த குரலில், "உடம்பப் பாத்துக்கக்கா" என்றான்.

அதன்பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது. அவள் சோறு போட்டாள், வேலைக்குப் போனாள், வந்து படுத்தாள். தம்பியை அனுப்பிய கோபம் ஆறட்டும் என்று அவர் விட்டுவிட்டார். எக்ஸ்ரேக்காரர் பரிதாபப்பட்டு ஒரு புது பாட்டில் பரிசாகக் கொடுத்தார். பிரித்த அன்று அது வாயில் தேனும் மிளகுமாக விரிந்தது. மாசக் கடைசியில் மறுபடி எடுத்து ஊற்றினார். தேனும் இல்லை, மிளகும் இல்லை.

வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். இத்தனை மாதமாகப் பக்கத்தில் படுத்திருந்தும் வாடை தெரியாமல் போனது எப்படி? தன்மேலேயே அந்த வாடை இருந்ததால் அவளிடம் அதைப் பிரித்தறிய அவருக்குத் தோன்றியதே இல்லை.

வேலை முடிந்து வந்தவள் மேசைமேல் இருந்த கிளாஸைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்தாள்.

"தூக்கம் வரல" என்றாள். "பாட்டில் மூடியால ஒரே ஒரு மூடி. அப்படித்தான் ஆரம்பிச்சேன்."

"எப்போலேருந்து?"

"அவன் வர்றதுக்கு முன்னாடியே."

"அன்னிக்கு அவன அப்படிப் பேசினேனே. நீ நின்னு பாத்துட்டுத்தானே இருந்த."

அவள் தலை குனிந்தே இருந்தது. "வாயத் தொறந்தா எல்லாம் போயிடும்னு இருந்துச்சு" என்றாள். பிறகு அழவும் முடியாமல் எழுந்துபோய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. நேரே பஸ் பணிமனைக்குப் போனார். ஒரு பஸ்ஸின் வயிற்றுக்கடியிலிருந்து மச்சான் முகமூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துவைத்திருந்தார். தப்பு பண்ணிட்டேன்பா என்று மட்டும் சொன்னார்.

"எனக்கு வந்த மறுவாரமே தெரியும் மாமா. அக்கா வாடை தெரியாம ஏலக்காய மென்னுக்கிட்டே சமையல் பண்ணுவா. நானும் அத பண்ணினவன்தானே" என்றான் அவன்.

"அப்போ ஏன் சொல்லல?"

"அவகிட்ட சொன்னேன். உங்ககிட்ட அவளாத்தான் சொல்லணும்." கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "அன்னிக்கு உங்க வீட்டுலேருந்து நேரா சாராயக் கடை வாசலுக்குத்தான் போனேன். உள்ள போகல. அத மட்டும் தெரிஞ்சுக்குங்க."

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டார். மச்சான் மறுத்துவிட்டான். அக்காவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், திட்டாதீர்கள், வாசலில் விட்டுவிட்டு வராமல் கூடவே உட்காருங்கள் என்றான். பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டான்.

பாட்டில்கள் எல்லாம் எக்ஸ்ரேக்காரர் வீட்டுக்குப் போயின. ஞாயிறுகள் அங்கே தொடர்ந்தன. கண்ணாடிக்காரர் ஒரே ஒரு தடவை போனார். நண்பர்கள் கிளாஸில் மூக்கை நுழைத்து ஆப்பிளா பேரிக்காயா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டார். ஆசை விட்டுப்போயிற்று என்றும் சொல்லமுடியாது. மதியமானால் நாக்கு இன்னும் தேடத்தான் செய்தது.

டாக்டரிடம் காட்டியபிறகு, அவளுக்கு போன் எடுக்காத பிரிவில் வேலை மாற்றிக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு முறை தவறிக் குடித்துவிட்டாள், எங்கே வாங்கினாள் என்று அவர் கேட்கவில்லை. மறுபடி டாக்டரிடம் போனார்கள். மச்சான் அக்காவைப் பார்க்க வருவான். வாசற்படியில் நின்றே பேசிவிட்டுப் போய்விடுவான்.

ஒரு சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், கேட்காமலே, போனில் பேசிய ஒரு பெண்ணைப்பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். குளியலறையில் அம்மா விழுந்துகிடக்கிறாள் என்று கூப்பிட்ட பெண். கதவு உள்பக்கம் தாழ். வண்டி வழியில் மாட்டிக்கொண்டது. அதுவரை சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவர் டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தார்.

"மீதிய இன்னொரு நாள் சொல்றேன்" என்றாள் அவள்.