சர்ச் வாசலில் ஒரு ஜோடி ஷூ

போன மாதம் ஜெர்மனியில் இருந்தேன். சுற்றுலா இல்லை, ட்ரெயினிங். நெய்வேலி மைன்ஸுக்கு வரப்போகும் மண்வெட்டும் மெஷினை அங்கேயே ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினார்கள். நானும் ஆபரேட்டர் முருகேசன் அண்ணனும் – முத்தாண்டிக்குப்பத்துக்காரர் – இரண்டே பேர்.

திங்கட்கிழமை காலை மெஷின். ஞாயிறு மதியம் சும்மாதானே? நாங்கள் தங்கிய நகரத்துக்கு அடையாளமே அங்குள்ள லூத்தரன் தேவாலயம்தான். சாக்லேட் டப்பா மூடியில்கூட அதன் கோபுரம். பிறவி லூத்தரன் நான். பார்க்காமல் வந்தால் அம்மா வீட்டுக்குள் விடுவாரா?

வாசலுக்குப் போனதும் ஷூவைக் கழற்றினேன்.

“தம்பி, ஒருத்தனும் கழட்டல பாரு. எல்லாம் போட்டுகினுதான் உள்ள போறான்.”

“அண்ணே, சர்ச் விஷயத்துல நீங்க எனக்குச் சொல்றீங்களா? எங்க டவுன்ஷிப் சர்ச் வாசல்ல ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. செருப்புக் கடை மாதிரி இருக்கும்.”

“இங்க ஒரு செருப்பையும் காணமே...”

“குளிருக்குப் பயந்துட்டாங்க.”

அண்ணன் கழற்றவில்லை. நான் சாக்ஸோடு நடந்தேன். கல் தரை, ஐஸ். ஆனால் உள்ளே! ஆர்கன் குழாய்கள் நம் நெய்வேலி தெர்மல் பவர் ஸ்டேஷன் சிம்னிகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. யாரோ வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஊரில் தமிழில் பாடும் பாட்டின் மெட்டு! சிலிர்த்தது. பாதி பாட்டுக்கு, பாதி தரைக்கு.

அரை மணி கழித்து வெளியே வந்தால் ஷூ இல்லை.

சிரிக்கலாம். ஆனால் அது கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ. ஊறுகாய் பாட்டில்களுக்கு இடம் விட்டதுபோக நான் கொண்டுபோன ஒரே ஜோடி. அது காலில் இல்லாமல் மெஷின் நிற்கும் அந்த ஊர் மைன்ஸ் கேட்டைத் தாண்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஷூக்கடை எதுவும் திறக்காது. மூன்று வாரமாகக் காத்திருந்த மெஷின்... போச்சா?

“போச்சு,” என்றார் அண்ணன். “நான் ஏறிக்கிறேன். நீ கேட்டாண்ட நின்னு டாட்டா காட்டு.”

உள்ளே ஓடினேன். அங்கே தொண்டு செய்யும் ஓர் அம்மாள் நிதானமான இங்கிலீஷில் விளக்கினார். குளிர்காலத்தில் வீடில்லாதவர்களுக்கென்று உடுப்பு, ஷூவெல்லாம் சிலர் வாசலில் வைத்துவிட்டுப் போவார்களாம். நல்ல ஷூவாக இருந்ததால் உடனே கொடுத்துவிட்டாராம். கடைசி பெஞ்சைக் காட்டினார்.

ஒரு தாடிக்காரர். காலில் என் ஷூ. லேஸை அழகாக முடிச்சுப் போட்டிருந்தார். பக்கத்தில் அவருடைய பழைய ஷூ, வாயைப் பிளந்துகொண்டு.

‘கேட்க மனம் வராமல் திரும்பிவிட்டேன்’ என்று எழுதத்தான் ஆசை. கேட்டேன்.

அந்த அம்மாள் போய்ச் சொன்னார். தாடிக்காரர் குனிந்தார். லேஸை அவிழ்த்தார். இரண்டையும் ஜோடி சேர்த்து என் முன்னால் வைத்தார். போட்டுக்கொண்டேன். உள்ளே சூடாக இருந்தது.

வெளியே வந்து வெகுதூரம் நடந்ததும் அண்ணன் நின்று திரும்பிப் பார்த்தார். அப்புறம், “ரூம்ல என் ஸ்வெட்டர் ஒண்ணு சும்மாத்தான் கெடக்குது. கொண்டாந்து குடுத்துட்டுப் போலாமா?” என்றார்.

எடுத்துக்கொண்டு போவதற்குள் பெஞ்ச் காலி.

திங்கட்கிழமை மெஷின் மேல் ஏறினேன். போட்டோ இருக்கிறது. பிரமாதமான மெஷின்.

நெய்வேலியில் இப்போதும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சர்ச்சுக்குள் போகிறேன். யாராவது போட்டுக்கொண்டு போனால் கேட்பதில்லை என்று முடிவு. மூன்று ஞாயிறு ஆயிற்று... ஒருவரும் எடுக்கவில்லை.