நூற்று எண்பத்திரண்டு சென்டிமீட்டர்

மாவட்டப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு என்னை மேனேஜராகப் போட்டபோது கொடுத்த முதல் வேலைக்கும் பந்துக்கும் சம்பந்தமே இல்லை. கடலூரில் நடக்கவிருந்த போட்டிக்கு மலர் அச்சடிக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரியின் உயரமும் எடையும் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று அமைப்பாளர் போன் செய்தார். நான் அப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தபடி டேப்பையும் எடை மெஷினையும் தூக்கிக்கொண்டு அண்ணாமலை நகரில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போனேன்.

அளந்த கதை

மெஷினைப் பார்த்ததும் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். டேப்பைப் பார்த்ததும் மீதிப் பேர் குதிகாலைத் தூக்கினார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்தும் எங்கள் பாயின்ட் கார்டு ஷாஹின் பரங்கிப்பேட்டைப் பெண். அணியிலேயே குள்ளம், வாயில் மட்டும் நெடுநெடு.

"மேடம், எல்லா டீமும் ஷூவோடதான் அளப்பாங்க. ரெண்டு இன்ச் சேத்துப் போட்டா யாருக்கு நஷ்டம்?"

"ஷூவைக் கழட்டு."

"சரி, ஒரு இன்ச்சாவது போடுங்க மேடம்."

கூடைக்கடியில் நின்று சென்டர் ஆடும் ரேவதி மட்டும் சுவரோடு ஒட்டி ஒழுங்காக நின்றாள். குமராட்சிப் பக்கத்துப் பெண். நூற்று எண்பத்திரண்டு சென்டிமீட்டர், ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. எழுதிக்கொண்டிருக்கும்போதே, மகளுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்த அவள் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேடம், எம் பொண்ணுக்கு அஞ்சு ஏழுன்னு போட்டுடுங்க."

எல்லோரும் கூட்டச் சொல்லும்போது ஒருவர் குறைக்கச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"காட்டுமன்னார்கோயில்லேருந்து ஒரு வரன் வந்துருக்கு. ரைஸ்மில் வச்சிருக்காங்க. பையன் அஞ்சு பத்து. நாங்க அஞ்சு ஏழுன்னு சொல்லி வச்சிருக்கோம். இதுக்கு மின்ன வந்தவங்கெல்லாம் பொண்ணு ஒசரம் ஜாஸ்தின்னு போய்ட்டாங்க."

"நேர்ல பாக்க வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஒக்காந்த எடத்த விட்டு எந்திரிக்காதடின்னு சொல்லிடுவேன்."

அவர் கவலை எனக்குப் புரிந்தது. ஆனால் இன்னொரு விஷயமும் இருந்தது. ஒரு அரசுத் துறை அணி சென்டருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. எடுத்தால் நிரந்தர வேலை. அந்த அணியின் தேர்வாளர் மலரைப் பார்த்துவிட்டுத்தான் எந்த ஆட்டத்துக்குப் போவது என்று முடிவு செய்வார். அஞ்சு ஏழு என்று போட்டால் ரேவதி பெயரில் அவர் கண் நிற்கவே நிற்காது. கிடைக்க வேண்டிய வேலை போய்விடும். இதை அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ரேவதி, "இருக்கறத போடுங்க மேடம். அவுங்களுக்குப் புடிச்சா வரட்டும்" என்றாள்.

 அம்மாவின் முகம் தெளிந்தது.

"அப்ப சென்டிமீட்டர்ல போட்டுடுங்க. அது எங்க பக்கம் யாருக்கும் வெளங்காது."

மலரில் எப்படியும் சென்டிமீட்டர்தான் வரும். நான் தலையாட்டினேன். அவர் நிம்மதியாக மினிபஸ் ஏறினார்.

மலர் அச்சாகும் முன்பே பிடிஎஃப் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ரேவதியின் அம்மா போனில் அழாத குறை. "பையனோட மாமா செல்போன்லயே கணக்குப் போட்டுப் பாத்துட்டாராம் மேடம். வரோம்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல."

நூற்று எண்பத்தெட்டு

அதே மலர் எங்கள் பெண்களையும் ஆட்டி வைத்தது. அரையிறுதியில் எங்களை எதிர்த்த அணியின் சென்டருக்கு நூற்று எண்பத்தெட்டு சென்டிமீட்டர், அறுபது கிலோ என்று போட்டிருந்தது. கடலூருக்குப் போகும் வேன் முழுக்க அதே பேச்சு.

ஆட்டம் தொடங்கியது. ரேவதி ஆடியது எனக்கே அடையாளம் தெரியவில்லை. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, ரீபவுண்டுக்கு எழும்புவதற்கு முன்பே ஒதுங்கிக்கொண்டாள். அந்தப் பெண் கையைத் தூக்கினாலே பந்தை வெளியே கொடுத்தாள். பாதி ஆட்டத்தில் நன்றாகவே பின்தங்கிவிட்டோம். இடைவேளையில் நான் வாயைத் திறப்பதற்குள் ஷாஹின் முந்திக்கொண்டாள்.

"அக்கா, அந்தப் பொண்ணு உச்சந்தலையில என்ன கலர் கிளிப்பு?"

"பச்சை."

"எனக்குத் தெரியலையே. ஒனக்கு எப்புடித் தெரிஞ்சிது?"

ரேவதி அவளையே பார்த்தாள். பிறகு திரும்பி, எதிர் பெஞ்சுப் பக்கம் நின்றிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

அடுத்த பாதியில் முதல் ரீபவுண்டை ஒற்றைக் கையால் பிடுங்கினாள். இரண்டாவதுக்கு முட்டித் தள்ளப் போய்த் தரையில் விழுந்தாள். உயரத்தைக் கூட்டிப் போட்டவர்கள் எடையைக் குறைத்துப் போட்டிருந்தார்கள்; அந்தப் பெண் அறுபது கிலோ இல்லை, நல்ல கனம். "தள்ளாத, சுத்தி முன்னாடி போ" என்று கத்தினேன். போனாள். அதன்பின் பந்து அவள் கைக்கு வந்துகொண்டே இருந்தது. கடைசி நிமிடத்தில் ஷாஹின் போட்ட கூடையில் ஜெயித்தோம்.

தேர்வாளர் வந்து ரேவதியை ட்ரயலுக்குக் கூப்பிட்டார். சுவரோரம் நிறுத்தி டேப்பும் வைத்துப் பார்த்தார்.

"நீங்க போட்டது கரெக்டா இருக்கு மேடம். லிஸ்ட்ல இருக்கறத நாங்க நம்பறதே இல்ல. ஆனா லிஸ்ட்ல இது இல்லன்னா இந்த ஆட்டத்துக்கு வந்திருக்கவும் மாட்டேன்."

மாப்பிள்ளை

கூட்டம் கலையும்போது ஒரு இளைஞர் தயங்கித் தயங்கி வந்தார். பின்னால் ஒரு பெரியவர். மகளோடு கடலூருக்கு வந்திருந்த ரேவதியின் அம்மா என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ரைஸ்மில் வீட்டுப் பையன் சதீஷும் அவருடைய மாமாவும்தான். சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டம் பார்க்க வந்திருக்கிறார்கள். ரேவதியை உட்கார வைக்க இனி வழியே இல்லை. வியர்வையோடு நேராக நின்றாள். சதீஷின் தலை அவள் காது மட்டத்துக்குத்தான் வந்தது.

"ஒங்க பயோடேட்டால அஞ்சு பத்துன்னு போட்டுருந்துச்சே?" என்று ரேவதி கேட்டாள்.

சதீஷ் மாமாவைப் பார்த்தார். மாமா ஸ்கோர்போர்டைப் பார்த்தார்.

"அது... ஷூ போட்டுக்கிட்டு அளந்தது."

"ஷூவுக்கு அவ்ளோ ஒசரமா?"

"கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் போட்டுட்டோம். மலரைப் பாத்ததும் எனக்குத்தான் பயம் வந்துச்சு. நேர்ல பாத்தா வேணாம்னுடுவீங்களோன்னு. அந்தக் கடைசி ரீபவுண்டு சூப்பருங்க."

என் பின்னாலிருந்து அம்மா சட்டென்று வெளியே வந்தார். "ஏம்பா, கல்யாண விஷயத்துல இப்புடிப் பொய் சொல்லலாமா?" என்றாரே பார்க்கலாம்! ஷாஹின் பந்தைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ரேவதி ட்ரயலில் தேறி வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணத்துக்கு ஒரே நிபந்தனை வைத்தாள்: ஆட்டத்தை விட மாட்டேன். சதீஷ் உடனே ஒத்துக்கொண்டார்.

புதிதாக மேனேஜராகிறவர்கள், உயரமும் எடையும் முக்கியமா என்று என்னைக் கேட்பதுண்டு. முக்கியம்தான். அதை வைத்துத்தான் உங்கள் ஆளைக் கூப்பிடுவார்கள். எதிரணியும் அதைப் பார்த்துத்தான் யார் யாரைத் தடுப்பது என்று திட்டம் போடும். அதனால் ஷூவைக் கழற்றி, நீங்களே அளந்து, அளந்ததைப் போடுங்கள். எதிரணி போட்டிருப்பதை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். பக்கத்தில் போய் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுமன்னார்கோயிலில் நடந்த கல்யாணத்துக்கு மொத்த அணியும் போயிருந்தோம். மேடையில் போட்டோகிராபர் ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து மாப்பிள்ளை காலடியில் வைத்தார். சதீஷ் அதைக் காலாலேயே ஓரமாகத் தள்ளினார்.

"எடுத்துடுங்கண்ணே. எப்புடியும் நாளைக்கு எறங்கித்தான ஆவணும்."