பெரியப்பாவைச் சாகடித்த விடுப்புக் கடிதம்

விடுப்பு விண்ணப்பங்களைப் படித்தே முப்பது வருடம் எழுத்தராகச் சம்பளம் வாங்கியவள் நான். எது உண்மை, எது இட்டுக்கட்டியது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். அந்தத் திறமை பயிற்சி வகுப்பில் வந்ததல்ல. பதினோரு வயதில், நல்லம்பள்ளிப் பக்கத்தில் எங்கள் ஊரில், நானே எழுதிப் பழகியது.

அண்ணன் பத்தாம் வகுப்பு. அதே பள்ளியில் நான் ஆறாவது. திங்கட்கிழமை விடிந்தால் அவனுக்கு வயிற்று வலி வந்துவிடும். அம்மா கொடுக்கும் ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான். கடிதமில்லாமல் நின்றால் பெயரை நீக்கிவிடுவார்கள்; பெயர் போனால் அரசுத் தேர்வு எழுத முடியாது. ஆகவே அப்பா எழுதுவதுபோல் கடிதம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அண்ணன் கொண்டுபோய் நீட்டினால், நுகத்தடிமேல் தாளை வைத்துப் போட்டுத் தருவார்.

ஒரே காரணத்தைத் திருப்பி எழுதினால் சந்தேகம் வரும். எனவே காய்ச்சல், கண்வலி, அம்மை என்று முன்னேறினேன். அம்மைக்கு முழுதாக ஒரு வாரம் கிடைத்தது. எனக்கே மெய்சிலிர்த்தது! நோய்கள் தீர்ந்ததும், என்னைச் சைக்கிளில் ஏற்ற மறுத்த பெரியப்பாவின் நினைவு வந்தது. "என் அண்ணன் இறைவனடி சேர்ந்தபடியால்." எவ்வளவு நல்ல வரி!

அன்று மாலையே அண்ணனின் வகுப்பாசிரியரான கணக்கு வாத்தியார், சைக்கிளில் சாமந்தி மாலையைத் தொங்கவிட்டபடி எங்கள் வாசலில் வந்து இறங்கினார். பெரியப்பா அங்கே நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். மாலை யாருக்குங்க?"

"இங்க... பெரியவரு தவறிட்டாருன்னு..."

"எந்தப் பெரியவருங்க? இந்த வூட்ல பெரியவன் நான்தானுங்களே!"

சார் என்னைப் பார்த்தார். நான் கடலையைப் பார்த்தேன்.

விஷயம் புரிந்ததும் பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "குடுங்க இப்படி. செத்தப்புறம் போட்டா நான் எங்க பாக்கறது?" என்று மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அப்பாவோ சாட்டையை எடுத்துவிட்டார். "உசுரோட இருக்கறவனையாடா சாவடிப்ப?" எழுதியது அண்ணன்தான் என்று அவரே முடிவுசெய்திருந்தார். கேட்காத விளக்கத்தை எழுத்தர் தாமாக முன்வந்து தரும் நடைமுறை கிடையாது. நானும் தரவில்லை.

"நீங்க இருங்க, நான் பேசிக்கறேன்" என்று அப்பாவை நிறுத்திவிட்டு சார், சாட்டையைக் கண்டதும் அண்ணன் ஓடி ஒளிந்த வைக்கோல் போர்ப்பக்கம் நடந்தார். இன்றைக்கு அண்ணன் பெயரும் போகும், முதுகும் பழுக்கும்! ஓடிப்போய், போரின் மறுபக்கம் பதுங்கி வைக்கோல் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

அடி விழவில்லை. சார் வெள்ளை வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்தார். "வயித்துக்கு என்னடா?"

அண்ணன் போரிலிருந்து ஒரு வைக்கோலை உருவினான். பிறகு ஒரே மூச்சில் கொட்டினான். "திங்கக்கெழம மார்க் படிப்பீங்கல்ல சார். கடசி மார்க்குக்காரன போர்டுக்குக் கூப்புடுவீங்க. சாக்பீஸப் புடிச்சா கை ஆடுதுங்க சார். எல்லாரும் சிரிக்கறாங்க. நீங்களும் சிரிக்கறீங்க. ஞாயித்துக்கெழம பொழுது சாஞ்சாலே வயித்தப் பெசையுதுங்க சார்."

நான் கழுத்தை இன்னும் நீட்டி எட்டிப் பார்த்தேன்.

"இனிமே கூப்புட மாட்டேன்" என்றார் சார். "உம் பேரு இருக்குது. நான் எடுக்க மாட்டேன். நாளைக்கு வாடா." குரல் அவருடையதுபோலவே இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

வைக்கோல் தூசி விழுந்துவிட்டது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கண் கழுவத் தண்ணீர் கொண்டுவர வீட்டுக்கு ஓடினேன்.