நூறு வாட் பல்பும் இருபத்திரண்டு ஆம்பியர் டைனமோவும்

1993 ஜூலை 9, வெள்ளிக்கிழமை, மாலை 6.50. பூந்தமல்லியில் தூறல், மேற்கே இடி. என் பழைய காரை விற்று மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் இருபத்தொன்பதாயிரம் கட்டியாக வேண்டும். கொரட்டூரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர், இருட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு முப்பதாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

முகப்பு விளக்கில் ஒன்று எரியவில்லை. பதினான்கு ரூபாய்க்கு நாற்பத்தைந்து வாட் பல்பு வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் காலையிலேயே ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து என் மைத்துனர் வந்துவிட்டார். ராணுவத் தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் எழுதுகிறவர். ஆகவே வாகனங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

“நாப்பத்தஞ்சா? அது சாமி ரூமுக்குப் போடறது அத்தான். ரெண்டும் நூறா மாட்டுங்க. ஆளு பேரம் பேச வாயத் தொறக்க மாட்டான்.”

மாட்டிவிட்டுக் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு வோல்ட்டில் நூறு வாட் இரண்டுக்கும் பதினாறே முக்கால் ஆம்பியர். வைப்பருக்கு மூன்று, பின்விளக்குகளுக்கு இரண்டு, எஞ்சினுக்கு மூன்று. ஏறக்குறைய இருபத்தைந்து. டைனமோ தருவதோ நன்றாக ஓடும்போது இருபத்திரண்டு, நின்றால் ஒன்றுமில்லை. மீதியைக் கிழட்டு பேட்டரிதான் தர வேண்டும்.

“ஓடற வண்டி எதுக்கு அத்தான் நிக்கப் போகுது?” என்றார் மைத்துனர்.

பாத்திரக்கடைக்காரர் ஓட்டினார். சென்னீர்குப்பத்தில் கடைப் பலகைகளில் இருந்த பிழைகள்கூடத் தெரிந்தன.

“இன்னா லைட்டு சார், பகல் மாரி கீது.”

“தூறல்தானே, வைப்பரை நிறுத்திடலாமே” என்றேன்.

“ரோடு தெரிய வேணாவா சார்?” என்றபடி, காலியான சாலையில் ஹாரனும் அடித்தார்.

வேலப்பன்சாவடியில் லாரிகள் வழியை அடைக்க, அரை மணி நேரம் நின்றோம். எங்கள் பகல் மெல்ல மாலையாகி, ஊதுபத்தி நுனியளவுக்கு வந்தது. எஞ்சினும் அடங்கியது. பின் இருக்கையில் மைத்துனர் மழையை ரசித்துக்கொண்டிருந்தார்.

நான் ஆம்பியரை விளக்க ஆரம்பித்தேன்.

“அந்தக் கணக்கெல்லாம் ஊட்ல போய் போடு சார். இப்ப எறங்கித் தள்ளு.”

வருங்கால உரிமையாளர் என்ற முறையில் அவர் உள்ளேயே இருந்தார். விளக்கை அணைத்து நாங்கள் இருவரும் தள்ள, வண்டி கிளம்பியது.

“புது பேட்டரி போட்டுக் குடு. ரெண்டாயிரத்தி ஐநூறு கம்மி பண்ணிக்க. அந்த பல்பை மட்டும் கயட்டிடாத சார், அதுக்குத்தான் வாங்கறேன்.”

கட்டணத்தில் குறைந்ததற்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. மைத்துனர் வருத்தம் தெரிவித்தார், அது இலவசம். பல்புகள் நூற்று எழுபது, பேட்டரி ஆயிரத்து நூற்றைம்பது, விலையில் விட்டது இரண்டாயிரத்து ஐந்நூறு. ஆக மொத்தம் 3,820 ரூபாய்.