சாவியோடு ஓடி வரும் பிள்ளை

அந்த வாரம் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. நர்சிங் முடித்த கையோடு நானே ஓடிப்போய்க் கேட்டு வாங்கிய வேலை அது: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லிக்கொடுப்பது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ரப்பர் பொம்மையைப் பையில் திணித்துக்கொண்டு ஒரு நாள் ஆண்டிபட்டிப் பக்கம், மறுநாள் கம்பம் பக்கம் என்று பஸ் ஏறுவேன். பையை சீட்டில் வைத்தால் கண்டக்டர் முறைப்பார். மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். போகிற ஊரிலெல்லாம் அதே வார்த்தைகள். "தோளைத் தட்டிப் பாரு, மூச்சு இருக்கா பாரு, பெரியாளைக் கூப்பிடு, நூத்தியெட்டுக்குப் போன் போடு." ஆரம்பத்தில் இருந்த வேகமெல்லாம் வடிந்து, என் குரலைக் கேட்க எனக்கே சலிப்பாக இருந்தது.

உத்தமபாளையத்துக்கு மேற்கே ஒரு பள்ளி, நாலாம் வகுப்பு. பொம்மையை எடுத்து வைத்ததும் ஒரு பையன் கேட்டான்.

"டீச்சர், இவருக்குக் காலு எங்க?"

"பஸ்ஸுல விட்டுட்டு வந்துட்டாகடா," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். பாடத்தை விரட்டினேன். கடைசியாக வலிப்பு. "கையில இரும்பு, சாவி எதுவும் குடுக்கக் கூடாது, அதனால நிக்காது. அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில தண்ணி ஊத்தக் கூடாது. உதறல் அடங்குனதும் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். அடங்காம இழுத்துக்கிட்டே இருந்தா நூத்தியெட்டு." முடித்துவிட்டு மணியைப் பார்த்தேன். பஸ் வரும் நேரம்.

பையை மூடும்போது ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். சட்டைக்குள்ளிருந்து கயிற்றை வெளியே இழுத்தாள். அதில் ஒரு பெரிய இரும்புச் சாவி.

"எங்கம்மாவுக்கு வரும் டீச்சர். நான்தான் சாவியக் கொண்டுக்கிட்டு ஓடுவேன்."

"அதான் சொன்னேன்ல ஆத்தா, சாவி வேணாம். ஒருக்களிச்சுப் படுக்க வை, போதும்."

"சாவி இல்லாட்டி என்னைய கிட்டவே விட மாட்டாக. சின்னப்பிள்ளைக்கு இங்கன என்ன வேலைன்னு பெரியப்பா வெரட்டுவாக. அவுகளாவே மல்லாக்கப் போட்டு அமுக்குவாக. போன தடவ நுரை உள்ள போயி அம்மாவுக்கு மூச்சு முட்டிருச்சு."

சாவி பயன்படாது என்பது பரீட்சையில் ஒரு வரி விடை. அந்த வரியைச் சொல்லி, தாயின் பக்கத்தில் போக இவளுக்கு இருந்த ஒரே அனுமதியையும் நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

பையை மறுபடி கீழே வைத்தேன். "சரி, சாவியோடவே போ. ஆனா விரலைப் பிரிச்சுத் திணிக்காத. கைக்குப் பக்கத்துல வச்சிட்டு அங்கனயே உக்காந்துக்க. உதறல் அடங்குனதும் நீ திருப்பிப் போடு."

"இப்பத்தான டீச்சர் சாவி கூடாதுன்னீக?" என்றது ஒரு குரல்.

"கூடாதுதான். இவளுக்கு மட்டும் பரவால்ல," என்றேன். அதை விளக்க எனக்குத் தெம்பில்லை.

செய்து பார்க்கச் சொன்னேன். ஒல்லியான பையன் ஒருவன் அம்மாவாகப் படுத்து உதறினான். பொம்மைக்குக் கால் கேட்டவன் பெரியப்பா. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏ பிள்ள, அங்கிட்டுப் போ. எவனாச்சும் ஒரு சோடா வாங்கிட்டு வாங்கப்பா," என்றான்.

"சாவி வந்துருச்சு, வழி விடுங்க," என்று கயிற்றோடு ஓடி வந்தாள் அவள்.

கூட்டம் தானாக விலகியது. அவள் உட்கார்ந்தாள், காத்திருந்தாள், அவனைப் புரட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்கம்மா இவன் மாதிரி இல்ல டீச்சர். கனம்."

அதனால் நானே படுத்தேன். சிமெண்டுத் தரை முதுகுக்குச் சில்லென்று இருந்தது. வெளியே என் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவள் தோளைப் பிடித்து இழுத்தாள், நான் அசையவில்லை.

"முழங்காலை மடக்கு," என்றேன்.

"வலிப்பு வந்தவுக பேசக் கூடாது டீச்சர்," என்றான் பெரியப்பா.

காலை மடக்கினாள். கையைக் குறுக்கே போட்டாள். முழங்காலையும் தோளையும் சேர்த்துத் தன் பக்கம் இழுத்ததும் நான் ஒருக்களித்தேன். அவள் என் மூக்கருகே காதை வைத்தாள்.

"மூச்சு வருது," என்று எல்லோருக்கும் சொன்னாள்.

எழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அப்படியே கிடந்தேன். அவள் என்னை மறுபடி மல்லாக்கத் தள்ளினாள்.

"இன்னொருக்க, டீச்சர்."