தம்பி பேரில் அப்பா சுமந்த தடி

எழுபத்தோரு வயதில் என் அப்பா கசிமிரோ ஊர்க் காவலாள் ஆனார். சிரிக்காதீர்கள். அவருடைய முறைகளையெல்லாம் அவர் எப்போதோ செய்து முடித்துவிட்டார். இது என் தம்பி நெமேசியோவின் முறை. எங்கள் மலையூரில் பட்டியலில் பேர் இருந்தால், கூப்பிட்டபோது வந்து ஒரு வருஷம் சம்பளமில்லாமல் ஊருக்கு உழைக்க வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் வராதவன் பேரை அடித்துவிடுவார்கள். அவன் மனையும் ஊருக்குப் போய்விடும். நம் துரை எங்கே? நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் கூலிக்கு ஸ்ட்ராபெரி பறிக்கிறார். போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது.

"அவன் வர்றவரைக்கும் நான் நிக்கிறேன்" என்று ஊர்ச் சபையில் எழுந்து சொல்லிக் காவலாளுக்கான தடியை வாங்கிக்கொண்டு வந்தார் அப்பா.

விடிந்ததும் கிளம்புவார். வீடு வீடாக ஏறி இறங்கி, கூட்டத்துக்கு ஆள் கூப்பிட வேண்டும். முழங்கால் வீங்கிக்கொள்ளும். திருவிழாவன்று எங்கள் தெரு எலாதியோ குடித்துவிட்டு ரகளை செய்தான். இவர் பிடிக்கப் போனார். ஏற்றத்தில் இவருக்கு மூச்சு வாங்க, அந்தக் குடிகாரனே கைத்தாங்கலாக இவரைக் கூட்டிக்கொண்டு போனான்.

"பாத்து வாங்க மாமா, இன்னும் நாலு படிதான்" என்று சொல்லிவிட்டு, தானே ஊர்க் காவல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டானாம். ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

முறை முடிய இரண்டு மாதம் இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் தம்பி போனில் வந்தான். அப்பா பக்கத்தில்தான் சோளக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அப்பாவ சும்மா உக்காரச் சொல்லு. என் பசங்க அங்க வந்து இருக்கப் போறாங்களா? எனக்கு அந்த மனை வேணாம். பேரை அடிச்சா அடிச்சுக்கட்டும்."

அவன் குரல் கூடமெல்லாம் கேட்டது. அப்பா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. குடித்து முடித்தார். எழுந்து தடியைத் தேடினார்.

"கேட்டீங்கல்ல? அப்புறம் எங்க கிளம்புறீங்க?"

"நாளைக்குக் கூட்டம் இருக்கு. ஆள் கூப்பிடணும்."

புருஷனைப் பறிகொடுத்த பெண்களின் பேரையும் இப்போது பட்டியலில் சேர்க்கிறார்கள். என் புருஷன் செத்ததிலிருந்து ஒன்பது வருஷமாக இவருக்குச் சமைப்பதும் கால் பிடித்துவிடுவதும் நான்தான். இந்த மனையில்தான் கிடக்கிறேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவந்தான் வேணாங்கிறான்ல. என் பேரை எழுதச் சொல்லுங்கப்பா. மிச்ச ரெண்டு மாசம் நான் தடியெடுத்துட்டுப் போறேன்."

அப்பா என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"நீதான் இங்கயே இருக்கியேம்மா தொமாசா. உன் பேரை எதுக்கு எழுதணும்?"

அப்பா உட்கார்ந்து செருப்பு வாரை எட்டப் பார்த்தார். கை எட்டவில்லை. மெல்ல என் பக்கம் காலை நீட்டினார். நான் குனிந்து கட்டிவிட்டேன்.