பூனைக்கு மடித்த இலை

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர், நண்பர் எல்லோர் கையிலும் இருக்கும் இந்தச் சிறு நினைவு மலரில் அண்ணனைப் பற்றி எழுத, கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் இருக்கிறேன். “துக்கப் புத்தகம், அடக்கமா எழுது” என்று எங்கள் ஆத்தா சொல்லியிருக்கிறார். என்னால் ஆனவரை அடக்கிப் பார்க்கிறேன். ஆனால் அண்ணனை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்பு முந்திக்கொண்டு வருகிறது, பேனா தன்பாட்டுக்கு ஓடுகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது கறம்பக்குடிக்கு மேற்கே எங்கள் ஆத்தாவின் ஊரில். எங்கள் ஐயா காய்ச்சலில் போனபோது நான் மடிப்பிள்ளை, அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருஷம் தொடர்ந்து மழை இல்லை. அண்ணன் ஒரு துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்கு நடந்து வந்து, ஒரு தையற்கடையில் சட்டைப் பித்தானுக்குக் காஜா எடுக்கச் சேர்ந்தார். ஆறு வருஷம் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படுத்துத் தொழில் கற்றார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சொந்தமாக ஒரு மிஷின் போட்டு, ஆத்தாவையும் என்னையும் டவுனுக்கு அழைத்துக்கொண்டார். எங்கள் வகையில் மூன்றாம் வகுப்பைத் தாண்டிய பெண் கிடையாது. என்னை எட்டாவது வரை படிக்க வைத்தவர் அவர். இதில் எழுத்துப் பிழை இருந்தால் அது என் தவறு, அண்ணனுடைய தவறு இல்லை.

அண்ணனுக்குப் பொய் வராது. சும்மா புகழ்வதற்காகச் சொல்லவில்லை, அதனால் பட்ட தொல்லைகளை நேரில் பார்த்தவள் சொல்கிறேன். துணி பத்தாது என்றால் பத்தாது என்பார். இந்த நிறம் உங்களுக்கு எடுக்கவில்லை என்று துணி வாங்கிக்கொண்டு வந்தவரிடமே சொல்லிவிடுவார். வந்தவர் அடுத்த கடைக்குப் போனாலும் போகட்டும் என்று தலையைக் குனிந்து மிஷினை மிதிப்பார்.

இனி பூனைக்கு வருகிறேன். இதற்காகத்தான் நான் இத்தனை அவசரமாக மேலே உள்ளதையெல்லாம் எழுதினேன்.

யுத்தம் தொடங்கி அரிசிக்குக் கட்டுப்பாடு வந்த சமயம். கடையில் வெட்டுத்துணி போட்டு வைக்கும் கூடைக்குள் ஒரு சாம்பல் பூனை ஐந்து குட்டி போட்டுவிட்டது. போட்டதும் போட்டது, யாரோ ஒருவர் கல்யாண ரவிக்கைக்குக் கொடுத்திருந்த பட்டுத்துணி மேல் போட்டது. அண்ணன் அந்த வீட்டுக்குப் போய், துணி பூனைக்கு ஆகிவிட்டது என்று நடந்ததை நடந்தபடி சொல்லி வசவு வாங்கிக்கொண்டு வந்தார். குட்டிகளுக்கு மல், சீட்டி, காக்கி, பட்டு, வெல்வெட்டு என்று துணிகளின் பெயரையே வைத்தார். அவை பெருகின. ஊர்ப் பூனைகளும் சேதி கேட்டு வந்து சேர்ந்தன. மொத்தம் பதினான்கு! எங்களுக்கே வரகரிசிச் சோறு. பதினான்கு பூனைக்கு எங்கே போவது?

கடைக்குப் பக்கத்திலேயே கறியும் மீனும் போடும் ஒரு மிலிட்டரி ஹோட்டல் இருந்தது. கோட்டைப்பட்டினத்து மீன் அங்கே தினமும் வரும். மிஞ்சிய நல்ல சோற்றை முதலாளி பின்வாசலில் பசித்து வந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார். சாப்பிட்டவர்கள் வைத்துவிட்டுப் போகும் முள்ளும் தலையும் குழம்பில் ஊறிய பருக்கையும் மட்டும் இலையோடு எச்சில் தொட்டிக்குப் போகும். அண்ணன் அந்தத் தொட்டியில் கை வைத்தார். மத்தியானம் மிஷினை நிறுத்திவிட்டுக் கூடையோடு போய் இலையிலையாகப் பிரித்துப் பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் நான் முள் எடுத்துப் பிசைந்து கொடுப்பேன். ஆத்தா தலையில் அடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் கிணற்றடிக்கு விரட்டுவார். “இதெல்லாம் எதுக்கண்ணே” என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, “அதுவும் திங்கட்டுமே” என்றார். அதற்கு மேல் அவர் விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை.

இதில் ஒரு சிக்கல். குப்பை வண்டி வருவதற்குள் நூறு இலையைப் பிரிக்க வேண்டும், தெருநாய்கள் வேறு போட்டிக்கு வரும். அண்ணன் யோசித்தார். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது எல்லோரும் இலையைத் தம் பக்கமாகத்தானே மடிப்பார்கள்? மீன் மிச்சம் வைக்கிறவர்கள் மட்டும் எதிர்ப்பக்கமாக மடித்தால், இலை எடுக்கும் கறுப்பையா மாமா பார்த்த உடனே தனிக் கூடையில் போட்டுவிடலாம்! அண்ணன் தையல்காரர், அவருக்கு அது உள்மடிப்பு வெளிமடிப்பு மாதிரி ஓர் அடையாளம், அவ்வளவுதான். இலையை எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டுச் சாப்பாட்டில்தான் என்பது அவர் புத்தியில் உறைக்கவே இல்லை. ஹோட்டல் முதலாளி முதலில் முகம் சுளித்தார். ஆனால் பூனைகள் வந்த பிறகு அவருடைய அரிசி மூட்டையில் எலி வாய் வைக்கவில்லை, அதனால் பேசாமல் இருந்துவிட்டார். அண்ணன் கேட்டுக்கொண்டதும் பஸ் டிரைவர்கள்தான் முதலில் ஆரம்பித்தார்கள். பிறகு சந்தைக்கு வரும் வியாபாரிகள். பிறகு பக்கத்து இலைக்காரர் மடிப்பதைப் பார்த்து, டவுனில் இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று, சுத்தமாக வழித்துச் சாப்பிட்டவர்களும் அப்படியே மடித்தார்கள். ஒரே மாதத்தில் பந்தி முழுவதும் அந்த மடிப்புத்தான்.

அந்தச் சமயம் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்த இரண்டு இடமும் தட்டிப் போயிற்று. எச்சில் பொறுக்குகிறவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று ஒரு வீட்டார் வாய்விட்டே சொல்லியனுப்பினார்கள். மூன்றாவதாக வந்ததுதான் குளத்தூர் இடம். மாப்பிள்ளை திருச்சியில் அச்சாபீசில் அச்சுக் கோக்கிறவர். பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்றதும் அவரே ஆசைப்பட்டு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். இதுவும் போனால் என்னை எங்காவது இரண்டாந்தாரமாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஆத்தா அழுதார். அவர்கள் வரும் நாளில் தொட்டிப் பக்கமே போகக் கூடாது என்று அண்ணனிடம் தன் தலையில் அடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அண்ணன் சத்தியத்தைக் காப்பாற்றினார். அன்று காலையிலேயே குளித்து, சலவைச் சட்டை போட்டு, வீட்டு வாசலில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் ஹோட்டலில் சாப்பிடுகிறவர்களிடம் இன்று ஒரு நாள் இலையை ஒழுங்காக மடியுங்கள் என்று சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை!

சம்பந்தம் முடிவாகிறவரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்களே. மாப்பிள்ளை, அவருடைய தகப்பனார், தாய்மாமன் மூன்று பேரும் குளத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி நேரே சாப்பிடப் போனது அந்த ஹோட்டலுக்குத்தான். தாய்மாமன் பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் இழவு வீட்டு மடிப்பு மடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். அவருக்கு வியர்த்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையும் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துக்கொண்டிருக்கிறார்! பெண் பார்க்க வந்த நாளில் இதைவிட என்ன சகுனம் வேண்டும்? தகப்பனாரையும் கையோடு எழுப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்.

கறுப்பையா மாமா எச்சில் கையோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, கருமாதி முடித்த கூட்டம் ஒன்று வந்து சாப்பிட்டது என்று நானே போய்ச் சமாளிக்கிறேன் என்று திரும்பி ஓடினார். ஆத்தா சாமி படத்தின் முன் உட்கார்ந்துவிட்டார். நான் பட்டுப்புடவையோடு நடுவீட்டில் நின்றேன். அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

பஸ் ஸ்டாண்டில் நடந்ததை எனக்குச் சொன்னவர் அங்கேயே நின்றிருந்த மாப்பிள்ளைதான். பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் அது கரி போட்டு ஓட்டும் பஸ் ஆனதால் அடுப்புப் பிடித்துக் கிளம்ப நேரமானது, அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். அண்ணன் போய்ச் சேர்வதற்குள் கறுப்பையா மாமாவின் பொய் நன்றாகவே வேலை செய்திருந்தது. கருமாதிக் கூட்டம்தானே என்று தகப்பனார் சமாதானமாகி எங்கள் வீட்டுக்கு வரக் காலெடுத்து வைத்துவிட்டார். அப்போது அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு குறுக்கே வந்து நின்றார்.

“ஐயா, இவுக சொன்னது நெசமில்லீங்க. கருமாதிக் கூட்டம் ஒண்ணும் வரல. அது எம் பூனைக்கு மடிச்ச எலைங்க.”

சொன்னதோடு விட்டாரா? தொட்டி, கூடை, பதினான்கு பூனை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முள் எடுத்துப் பிசைகிறவள் என் தங்கைதான் என்று என்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். கறுப்பையா மாமா வாயில் துண்டை வைத்துக்கொண்டாராம்.

தகப்பனாருக்கு ஒன்றும் புரியவில்லை. “நாங்கதான் பொண்ணப் பாக்கக் கெளம்பிட்டமே. நீங்க எதுக்கு வந்து கெடுத்துக்கிறீங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“கல்யாணம் முடிஞ்சாலும் நான் பொறுக்கத்தாங்க போறேன். அன்னைக்கி ஒங்களுக்குத் தெரிஞ்சா, பேச்சு வாங்கப் போறது நான் இல்ல, என் தங்கச்சி. பேசுறத இப்பயே எங்கிட்ட பேசிருங்க.”

தாய்மாமன் பேசினார். எச்சில் என்றார், குலம் என்றார், மானம் என்றார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார். தகப்பனார் மகனைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்த டிரைவர் காரணத்தைச் சொன்ன பிறகு தெரிந்தேதான் இலையை அப்படி மடித்தேன், ஒரு முழு மீன் தலை வைத்திருந்தேன் என்றார். தாய்மாமன் அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். தகப்பனார் ஏறவில்லை.

எங்கள் வீட்டுக்குள் வந்த அவர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் ஆத்தாவைப் பார்த்துக் கேட்டது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. “வீட்டுல சோறு இருக்காங்க? நான் பாதியில எந்திரிச்சு வந்தவன்.” ஆத்தா அவசரமாக இலையை விரித்தார். இருந்தது வரகரிசிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். அவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் கதவிடுக்கில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலையைத் தன் பக்கமாக மடித்தார். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று அந்த நிமிஷம் தெரிந்தது.

அதன் பிறகும் அண்ணன் சொன்னபடியே மத்தியானம் தவறாமல் பொறுக்கினார். ஹோட்டலில் மட்டும் மடிப்பை நிறுத்திவிட்டு, கறுப்பையா மாமா மீன் இலைகளைத் தனியாக எடுத்து வைப்பது என்று ஏற்பாடாயிற்று. சமஸ்தானம் போய்ச் சர்க்கார் மாறியபோதும் பூனைகளுக்கு ஒரு வேளை தவறவில்லை. தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ள மட்டும் அவர் கடைசிவரை நேரம் ஒதுக்கவில்லை. சென்ற ஆண்டு டைபாய்டு வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயது முப்பத்து நான்கு.

நன்றி சொல்வதை இங்கேயே முடித்துக்கொள்கிறேன். கடைசியில் வைத்தால் எழுத முடியாமல் போய்விடும். இரவும் பகலும் பார்த்துக்கொண்ட டாக்டர் ஐயாவுக்கும் நர்ஸம்மாவுக்கும், மூன்று வாரமும் எங்களை ஜட்காவில் ஏற்றி இறக்கிய ராவுத்தர் மாமாவுக்கும், கருமாதிச் சமையல் முழுவதையும் தன் பொறுப்பில் ஏற்ற ஹோட்டல் முதலாளிக்கும், இன்றுவரை பூனைகளைப் பட்டினி போடாத கறுப்பையா மாமாவுக்கும், அன்று கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், பாடை தூக்க முதல் ஆளாக வந்து நின்ற தாய்மாமன் அவர்களுக்கும், இந்த மலரை ஓர் எழுத்து விடாமல் தம் கையால் அச்சுக் கோத்த என் வீட்டுக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. அண்ணன் என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வரச் சொன்னார்.

“வாக்கப்பட்ட எடத்துல என்னால ஒனக்கு ஒரு பேச்சாவது வந்துச்சா தாயி? மறைக்காமச் சொல்லு.”

இத்தனை வருஷமாக இதைக் கேட்காமல் வைத்திருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரிடம் நான் பொய் சொல்ல முடியாது.

“ஒரே ஒரு தடவ வந்துச்சுண்ணே” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “மீன் ஆஞ்சுபுட்டுத் தலையக் குப்பையில போட்டுட்டேன். எங்க மாமியா பாத்துட்டு, ‘ஒங்கண்ணனுக்குத் தெரிஞ்சா என்னத்தா நெனப்பாரு’ன்னு கேட்டாக.”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மறுநாள் விடிந்த பிறகு போய்விட்டார்.